ஜெர்மனிக்குப் போக நினைக்கும் திருநர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஜெர்மனிக்கு வர விரும்பும் திருநங்கைகளும் திருநம்பிகளும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நானும் திருநங்கைதான், வேலை விசாவில் வந்து கொலோனில் இருக்கிறேன். விதிகளும் தொகைகளும் ஆண்டுதோறும் மாறுகின்றன. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் தூதரகத்தின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அக்கா, ஐரோப்பா முழுக்க நமக்கு நல்லதுதானே? எந்த நாடாக இருந்தால் என்ன?

ஐரோப்பா முழுக்க ஒரே மாதிரி இல்லை. ஹங்கேரியில் 2020 முதல் ஆவணங்களில் பாலினத்தை மாற்றவே முடியாது. ஸ்லோவாக்கியா 2025-ல் ஆண், பெண் என இரண்டு பாலினம் மட்டுமே உண்டு என்று தன் அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டது. பிரிட்டனில், சமத்துவச் சட்டத்தில் உள்ள 'பெண்' என்ற சொல் பிறப்பால் பெண்ணானவரையே குறிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இன்னொரு பக்கம் மால்டா 2015-லும் ஸ்பெயின் 2023-லும் டாக்டர் சான்று இல்லாமலே பாலினத்தை மாற்றிக்கொள்ளச் சட்டம் போட்டன. ஜெர்மனியிலும் அதேபோன்ற சுயநிர்ணயச் சட்டம் 2024 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

சட்டத்தை மட்டும் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே சட்டப்படி தங்க உங்களுக்கு வழி இருக்கிறதா, சோற்றுக்கு வேலை கிடைக்குமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். படிப்பாலோ தொழிலாலோ வருகிற தமிழர்களுக்கு ஜெர்மனியில் கதவு ஓரளவு அகலமாகவே திறந்திருக்கிறது. அதனால்தான் இந்த நாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

எந்த வழியில் வரலாம்?

படிப்பு, தொழிற்பயிற்சி, வேலை, துணைவர் விசா. அகதி மனுவைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வ்யூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும்; மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கட்டணம் வாங்குகிறது. ஃபீஸ் இல்லை என்பதற்காகக் கையில் காசே இல்லாமல் வர முடியாது. ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். வீட்டோடு தொடர்பு அறுந்த பிள்ளைகளுக்கு இந்தத் தொகைதான் பெரிய மலை. கல்விக் கடன் கேட்டால் வங்கி பெற்றோர் கையெழுத்தைக் கேட்கும். பெற்றோர் போடமாட்டார்கள் என்று தெரிந்தால், ஜாமீன் நிற்கக்கூடிய வேறு உறவினரை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

தொழிற்பயிற்சிக்குப் பெயர் ஆஸ்பில்டுங். படிக்கும்போதே மாதச் சம்பளம் வரும். ஆனால் ஜெர்மன் மொழி பி1 என்கிற இடைநிலை அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும். நர்சிங் முடித்தவர்கள் பி2 வரை படித்து, பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் வாங்கிப் பணிக்கு வரலாம். ஐ.டி., பொறியியல் ஆட்களுக்கு ப்ளூ கார்டு என்கிற வேலை அனுமதி. 2025-ல் அதற்குத் தேவைப்பட்ட ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கு இதைவிடக் குறைவு. வேலை கிடைக்காமலே வந்து தேடிப்பார்க்க, 2024 ஜூனிலிருந்து சான்சன்கார்டு என்று ஒன்று உண்டு. ஆறு புள்ளிகள் தேவை, ஓராண்டுவரை தங்கலாம், வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். ஆனால் நம் ஆட்களுக்கு நான் அதை அவ்வளவாகச் சொல்வதில்லை. காரணம் காப்பீட்டுக் கேள்வியில் இருக்கிறது.

பெயரையும் பாலினத்தையும் ஊரிலேயே மாற்றிவிட்டு வருவதா, அங்கே போய் மாற்றிக்கொள்வதா?

முடிந்தவரை ஊரிலேயே மாற்றிவிட்டு வாருங்கள். இந்தப் பக்கத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

வெளிநாட்டவர் இங்கே யார் என்பதை அவர் பாஸ்போர்ட்தான் சொல்கிறது. பல்கலைக்கழகச் சேர்க்கை, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வதிவிட அட்டை எல்லாமே அதைப் பார்த்துத்தான் எழுதப்படும். பழைய பெயரில் வந்து இறங்கினால் அந்தப் பெயர் இருபது இடங்களில் விதைக்கப்பட்டுவிடும். பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியதுதான். ஊரில் ஆறு மாதம் அலைந்து முடிக்கிற வேலைக்கு இங்கே இரண்டு வருஷம்கூட ஆகலாம். அதுவும் அந்நிய மொழியில்.

இந்தியர்கள் ஊரில் செய்ய வேண்டிய வரிசை இது: முதலில் தேசிய திருநர் இணையதளம் வழியாக மாவட்ட ஆட்சியரின் சான்றிதழும் அடையாள அட்டையும். பிறகு அரசிதழில் பெயர் மாற்றம். அடுத்து ஆதார், பான். கடைசியாகப் பாஸ்போர்ட். இந்தச் சான்றிதழுக்கு அடிப்படை 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் தந்த நால்சா தீர்ப்பும், 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருநர் பாதுகாப்புச் சட்டமும்தான். தமிழ்நாடு நலவாரியம் கொடுக்கிற அட்டை வேறு, இது வேறு. நலவாரிய அட்டை கையில் இருக்கிறது, இது எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பாஸ்போர்ட் ஆபீஸில்தான் தெரியவருகிறது. சட்டமும் விதியும் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. விண்ணப்பிக்கிற நாளில் அந்த இணையதளத்தில் என்ன நடைமுறை இருக்கிறது என்று வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பாஸ்போர்ட்டில் 'டி' (T, திருநர்) என்று போடுவதா, 'எஃப்' அல்லது 'எம்' என்று போடுவதா?

மேலே சொன்ன திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் (2019) 6-ஆம் பிரிவு திருநர் என்ற சான்றிதழைத் தருகிறது. சிகிச்சை எடுத்தவர்கள் மருத்துவமனைச் சான்றோடு 7-ஆம் பிரிவின்படி ஆண் அல்லது பெண் என்று திருத்திய சான்றிதழைக் கேட்கலாம். எது உங்களுக்குப் பொருந்துகிறதோ அதை வாங்குங்கள். இதில் இன்னொருத்தர் முடிவு செய்ய எதுவுமில்லை.

நடைமுறையில் தெரிந்துகொள்ள வேண்டியது: ஜெர்மனியில் மூன்றாவது பதிவு புதிதல்ல. 2018 டிசம்பரிலிருந்து 'டிவெர்ஸ்' என்று இருக்கிறது. 'டி' போட்ட பாஸ்போர்ட்டோடு இங்கே வாழ்வதில் சட்டச் சிக்கல் இல்லை. சிக்கல் வழியில் வரலாம். வேறு நாடுகளுக்கும் அடிக்கடி பயணம் செய்கிற வேலை என்றால், அந்தந்த நாட்டு எல்லையில் உங்களிடம் கேள்வி எழுமா என்று யோசித்து முடிவெடுங்கள்.

எனக்கு இனிஷியல்தான், சர்நேம் இல்லை. பெயர் மாற்றும்போது என்ன செய்ய?

நல்ல கேள்வி. நம்மைத் தவிர வேறு யாரும் யோசிக்காத பிரச்சினை இது. ஜெர்மன் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், முன்பெயர் என்று ஒரு கட்டம். பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் இங்கே ஒவ்வொரு அலுவலகமும் அதைத் தன் இஷ்டப்படி நிரப்பும். ஓரிடத்தில் கோடு, இன்னோரிடத்தில் அதே பெயர் இரண்டு முறை. திருநராக இருந்து ஏற்கெனவே இரண்டு பெயரைச் சுமக்கிறவர்களுக்கு இது மூன்றாவது தலைவலி.

அரசிதழில் பெயர் மாற்றும் அதே விண்ணப்பத்தில் இனிஷியலையும் விரித்து எழுதிவிடுங்கள். அப்பா பெயரைச் சர்நேமாகச் சுமக்க மனசில்லை என்றால் அம்மா பெயர், ஊர்ப் பெயர், நீங்களே விரும்பி வைத்துக்கொள்ளும் பெயர் எதுவும் இருக்கலாம். என்ன எழுதினாலும் ஆதார், பான், பாஸ்போர்ட் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 2016 டிசம்பரிலிருந்து அப்பா, அம்மா, சட்டப்படியான பாதுகாவலர் இவர்களில் ஒருவர் பெயர் இருந்தாலே போதும்.

மார்க் ஷீட்டும் டிகிரியும் பழைய பெயரில் இருக்கின்றன. அதோடு விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம், ஆனால் இடையில் பாலம் தெளிவாக இருக்க வேண்டும். அரசிதழ் நகல், திருநர் சான்றிதழ், அவற்றின் மொழிபெயர்ப்பு, 'இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்' என்ற நோட்டரி உறுதிமொழி ஆகியவற்றை ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் ஒரே கட்டாக வையுங்கள். இந்திய மாணவர்கள் விசாவுக்கு முன் டெல்லியில் உள்ள ஏ.பி.எஸ். அமைப்பின் சான்றிதழ் வாங்குவது 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். அவர்கள் பார்க்கிறதே ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதைத்தான். பெயர் விளக்கம் இல்லாமல் அனுப்பினால் கேள்வி வரும், மாதங்கள் ஓடும்.

சட்டப்படி கல்விச் சான்றிதழிலும் பெயரை மாற்றித் தர வேண்டும். நேரம் இருந்தால் கேட்டு எழுதிப்போடுங்கள். பல்கலைக்கழகத்தில் பதில் தாமதமானால் அதற்காகச் சேர்க்கையைத் தவறவிடாதீர்கள்.

விசா நேர்காணலில் நான் திருநங்கை என்று சொல்ல வேண்டுமா?

வேண்டியதில்லை. படிக்க வருகிறீர்களா, வேலைக்கு வருகிறீர்களா என்பதே அங்கே கேள்வி. பழைய ஆவணத்தில் வேறு பெயர் இருப்பதைக் கேட்டால் மட்டும் "பெயர் மாற்றிக்கொண்டேன், அரசிதழ் இதோ" என்று இரண்டு வரியில் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் படிவத்தில் 'முந்தைய பெயர்' என்ற கட்டம் இருந்தால் உண்மையை எழுதிவிட வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் விசாவே போகும்.

எந்த விமானத்தில் வருவது?

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சா நேரடியாகப் பறக்கிறது. டிக்கெட் சில ஆயிரம் கூடுதலாக இருந்தாலும், தோற்றமும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாதவர்கள் வளைகுடா நாட்டில் இறங்கி மாறுவதைத் தவிர்க்கலாம். விமானம் ரத்தாகி அந்த நாட்டுக்குள் ஓர் இரவு தங்க வேண்டி வந்தால் அங்கே நம்மைக் காக்கிற சட்டம் இல்லை.

மருந்தைக் கைப்பையில், அதன் டப்பாவோடு, டாக்டர் சீட்டோடு வையுங்கள். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை கொண்டுவரலாம். டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் திருநம்பிகள் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு இல்லாமல் விமானம் ஏற வேண்டாம். அது இங்கே ஊக்கமருந்துத் தடைச் சட்டத்தின் கீழும் வருகிற மருந்து.

இறங்கியதும் முதல் வேலை என்ன?

வீடு கிடைத்த இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு. ஆன்மெல்டுங் என்பார்கள். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் ஒன்று அதற்கு வேண்டும்.

இங்கே எல்லாரும் கோட்டை விடுகிற ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: தபால் பெட்டி. ஜெர்மனியில் வீட்டு எண்ணுக்குப் பின்னால் கதவு எண் எழுதும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. கட்டடத்தின் வாசலில் வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். வரி எண், வங்கி பின் நம்பர், காப்பீட்டு அட்டை, வதிவிட அலுவலகத்தின் அழைப்பு எல்லாம் கடிதமாகத்தான் வரும். பாஸ்போர்ட் பழைய பெயரில் இருந்து, பெட்டியில் உங்கள் உண்மையான பெயரை மட்டும் ஒட்டியிருந்தால் அந்தக் கடிதங்கள் திரும்பிப் போய்விடும். பழைய பெயரைப் பக்கத்து வீட்டார் பார்க்க வேண்டாம் என்று தோன்றுவது நியாயம். அதற்குத் தீர்வு: சீட்டில் குடும்பப் பெயரை மட்டும் ஒட்டுங்கள், முன்பெயர் தேவையில்லை. சர்நேம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று மேலே வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய பெயரிலேயே வந்துவிட்டேன். சுயநிர்ணயச் சட்டம் இந்தியப் பாஸ்போர்ட்காரருக்குச் செல்லுமா?

செல்லும், சில நிபந்தனைகளோடு. நிரந்தர வதிவிட உரிமை, அல்லது நீட்டிக்கத்தக்க வதிவிட அனுமதி, அல்லது ப்ளூ கார்டு இருந்தால் ஜெர்மன் சட்டப்படி மாற்றிக்கொள்ளலாம். விசா ஒட்டிய பாஸ்போர்ட்டோடு வந்த முதல் வாரங்களில் ஆகாது. வதிவிட அட்டை கைக்கு வர வேண்டும். சான்சன்கார்டு பெரும்பாலும் நீட்டிக்கப்படாது என்பதால் அதை நம்பி இருக்காதீர்கள். அகதி மனு நிலுவையில் இருப்பவரிடம் உள்ள தாளும் இந்தக் கணக்கில் வராது.

முறை எளிது. ஸ்டாண்டஸ்ஆம்ட் என்கிற பதிவு அலுவலகத்தில் முதலில் எழுத்திலோ நேரிலோ அறிவிப்பு கொடுக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து நேரில் போய் உறுதிமொழி. அறிவித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போகாவிட்டால் அறிவிப்பு காலாவதியாகும். ஆண், பெண், டிவெர்ஸ், அல்லது பதிவே இல்லாமல் என நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முன்பெயர் அதற்குப் பொருந்த வேண்டும். டாக்டர் சான்று, மனநல அறிக்கை, கோர்ட் எதுவும் கிடையாது. 1981 முதல் இருந்த பழைய சட்டம் இரண்டு நிபுணர் அறிக்கையும் நீதிமன்ற உத்தரவும் கேட்டது. முன்பின் தெரியாதவர்களிடம் உள்ளாடை வரை பதில் சொல்லி வெளியே வந்த மூத்த ஜெர்மன் தோழிகளைக் கேட்டால்தான் இந்த மாற்றத்தின் எடை புரியும். ஒருமுறை மாற்றினால் ஓராண்டுக்கு மறுபடி மாற்ற முடியாது.

பதிவு அலுவலகம் உங்கள் பிறப்புச் சான்றிதழைக் கேட்கும். வெளிநாட்டில் காட்ட ஆவணத்தில் போடும் அப்போஸ்டில் முத்திரை இந்தியாவுடையது என்றால் ஜெர்மனி ஏற்பதில்லை. அந்த முத்திரைக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தபோதே ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்துவிட்டது. அதனால் சில அலுவலகங்கள் தூதரகம் வழியாக ஆவணச் சரிபார்ப்பு கேட்கும். சரிபார்ப்பு என்றால் வக்கீல் ஒருவர் உங்கள் ஊர் முனிசிபாலிட்டிக்கே போய்ப் பதிவேட்டைப் பார்ப்பார், அக்கம்பக்கத்திலும் விசாரிக்கலாம். வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் பதிவு மாறிவிட்டது, பாஸ்போர்ட் மாறவில்லை. அப்போது?

இரண்டு காகிதமும் இரண்டு ஆளைச் சொல்லும். பயணத்துக்குப் பாஸ்போர்ட்தான் செல்லும். விமான டிக்கெட்டை அந்தப் பெயரில்தான் எடுக்க வேண்டும். பெர்லின் தூதரகத்திலும் ஃபிராங்க்ஃபர்ட், ஹாம்பர்க், மியூனிக் துணைத் தூதரகங்களிலும் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கலாம். ஆனால் அங்கே கேட்கப்போவது இந்தியச் சான்றிதழ்தான். கடைசியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

இடைக்காலத்துக்கு ஒரு நல்ல வழி உண்டு. டி.ஜி.டி.ஐ. (dgti) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஜெர்மன் திருநர் அமைப்பு ஒரு துணை அடையாள அட்டை கொடுக்கிறது. உங்கள் பெயர், இப்போதைய படம், விளிக்க வேண்டிய முறை அதில் இருக்கும். போலீஸுக்கும் உள்துறை அமைச்சகத்துக்கும் தெரிந்த அட்டை. பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்டினால் செல்லும். அதை வைத்துப் பல பல்கலைக்கழகங்கள் மாணவர் அட்டையில் பெயரை மாற்றித் தருகின்றன.

ஹார்மோன் எப்படிக் கிடைக்கும்? காப்பீடு தருமா?

எந்தக் காப்பீட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அரசு முறைக் காப்பீட்டு நிறுவனங்களை இங்கே கிராங்கன்காசே என்பார்கள்: டி.கே., ஏ.ஓ.கே., பார்மர் போன்றவை. உங்கள் பழைய உடல்நிலையைக் கேட்டு அவர்கள் யாரையும் மறுக்க முடியாது. மருந்துக்கு நீங்கள் கட்டுவது ஒரு சீட்டு மருந்துக்கு 5 முதல் 10 யூரோ. வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தானாகவே இதில் சேர்ந்துவிடுவார்கள். மாணவர் கட்டணத்தில் சேர 30 வயதுக்குள் இருக்க வேண்டும்.

சிக்கல் மற்றவர்களுக்கு. 30 தாண்டிய மாணவர்கள், சான்சன்கார்டில் வருபவர்கள், மொழி படிக்க மட்டும் வருபவர்கள் தனியார் பயணக் காப்பீட்டில் இருப்பார்கள். முன்பே இருந்த நிலைக்கும் திருநர் சிகிச்சைக்கும் அவை பெரும்பாலும் காசு தராது. மருந்தை நிறுத்த வேண்டிய நிலை வரும். ஆகவே விசாவைத் தேர்ந்தெடுக்கும்போதே காப்பீட்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். நல்ல சம்பளத்தில் வருபவர்களைத் தனியார் காப்பீட்டுக்கு இழுக்கும் தரகர்கள் உண்டு. இளவயதில் மாதத் தொகை குறைவு என்று ஆசை காட்டுவார்கள். அரசு முறையிலேயே இருங்கள்.

ஹார்மோன் தொடங்க மனநல சிகிச்சையாளரின் பரிந்துரைக் கடிதத்தோடு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போவது வழக்கம். முதல் சந்திப்புக்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊரில் ஏற்கெனவே தொடங்கியவர்கள் டாக்டரின் கடிதம், எந்த மருந்து எவ்வளவு என்ற விவரம், ஆறு மாதத்துக்குள் எடுத்த இரத்தப் பரிசோதனை மூன்றையும் கொண்டுவந்தால் நடுவில் விடாமல் தொடர்வது எளிது. மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கிப் போட்டுக்கொண்ட பழக்கம் இங்கே செல்லாது. சீட்டில்லாமல் ஒரு மாத்திரை தரமாட்டார்கள். திருநங்கைகளுக்கு இங்கே வழக்கம் ஜெல், பேட்ச், மாத்திரை. ஊசியே போட்டுப் பழகியவர்கள் வருமுன்பே டாக்டரிடம் பேசி மாறிக்கொள்வது நல்லது. சைப்ரோட்டிரோன் எடுப்பவர்கள் கவனிக்க: அளவு கூடக்கூட மூளையுறைக் கட்டி வரும் அபாயம் கூடுகிறது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2020-ல் எச்சரித்தது. ஊரில் சாதாரணமாகக் கொடுக்கும் அளவைப் பார்த்து இங்கே டாக்டர் குறைத்துத்தான் எழுதுவார், பயப்படாதீர்கள்.

ஆபரேஷனை அங்கே வந்து செய்துகொள்ளலாமா?

அதற்காகவே வருவதாக இருந்தால் யோசியுங்கள். காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி, ஆறு மாத மனநல சிகிச்சையையும் தேர்ந்த பாலினத்தில் ஓராண்டு வாழ்ந்த அனுபவத்தையும் பொதுவாகக் கேட்கிறது. அதற்குமேல் ஹாம்பர்க் எப்பெண்டார்ஃப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற இடங்களில் காத்திருப்பு. 2023 அக்டோபரில் கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு, எந்தச் சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டும் என்பதையே கேள்விக்குள்ளாக்கியது. ஏற்கெனவே சிகிச்சை தொடங்கியவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று அதே நீதிமன்றம் சொன்னாலும், ஒரு காப்பீட்டு நிறுவனம் ஒப்புவதை இன்னொன்று மறுப்பது நடக்கிறது. மறுத்துக் கடிதம் வந்தால் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் போட வேண்டும். அந்த ஒரு மாதத்தை விட்டுவிடாதீர்கள்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே அறுவைச் சிகிச்சை இருக்கிறது. உடலும் மனமும் தயார் என்றால் ஊரில், தெரிந்த மொழியில், கூட ஒருத்தர் இருக்கும்போது முடித்துவிட்டு வருவதில் தவறே இல்லை.

வேலையிடத்தில் எப்படி?

2006-ஆம் ஆண்டின் சம உரிமைச் சட்டம் திருநரையும் காக்கிறது. பாகுபாடு நடந்தால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் கோர வேண்டும். சுயநிர்ணயச் சட்டப்படி, ஒருவருடைய பழைய பெயரையோ பாலினத்தையோ கெடுதல் செய்யும் நோக்கத்தோடு வெளியிட்டால் 10,000 யூரோ வரை அபராதம்.

என் அனுபவத்தில் ஜெர்மன் சக ஊழியர்கள் ஒருமுறை திருத்திச் சொன்னால் சரியாக அழைத்துவிடுகிறார்கள். அதிகம் நோகடித்தது, நம்மூர்க்காரர் ஒருவர் டீ இடைவேளையில் தமிழில் கேட்ட கேள்விகள்தான்.

பாதுகாப்பாக இருக்குமா?

ஊரைவிட அன்றாடம் எளிது. பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகாது, வீடு பார்க்கப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவது குறைவு. ஆனால் ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். 2022 ஆகஸ்டில் மியூன்ஸ்டர் நகரப் பிரைட் விழாவில், வசை பாடியவனைத் தடுக்கப்போன 25 வயதுத் திருநம்பி ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். இரவு கடைசி ரயில்களில், கால்பந்துக் கூட்டம் கலைகிற நேரத்தில், கவனமாக இருங்கள். போலீஸ் எண் 110. பெர்லின் போன்ற நகரங்களில் நமக்கென்றே தொடர்பு அதிகாரிகள் போலீஸில் உண்டு. பாலினம் குறித்த வெறுப்பில் செய்த குற்றத்துக்கு அதைக் கணக்கில் எடுத்துத் தண்டனை தர வேண்டும் என்று 2023-ல் குற்றவியல் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். புகார் கொடுக்கும்போது அந்த நோக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

அங்கே நம் தமிழ் மக்கள் எப்படி நடத்துவார்கள்?

இரண்டு விதம். ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போனால் ஈழத்துப் பிள்ளைகள் இயல்பாகப் பேசுவார்கள். அவர்கள் பெற்றோரில் சிலர் முகம் திருப்புவார்கள், சிலர் 'பிள்ளை சாப்பிட்டதோ' என்று கேட்டுத் தட்டை நீட்டுவார்கள். தமிழர் குடும்பத்தோடு அறையைப் பகிர்வதாக இருந்தால் முன்பே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் வெளியேற நேர்ந்தால் இந்த வீட்டுப் பஞ்சத்தில் இன்னோர் அறை தேடுவது பெரும்பாடு.

ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் சேர்ந்து வாழும் குடும்பத்தில், வாழ்ந்து வருபவர்களுக்கு முதல் குளிர்காலம் கடினம். அம்மா, அக்கா, மகள் என்று சுற்றி ஆள் இருந்த பழக்கம். இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும், அறையில் தனியாக இருப்பீர்கள். கொலோனில் ரூபிகான், பெர்லினில் ட்ரிக் போன்ற ஆலோசனை மையங்கள் உண்டு. வந்த மாதமே ஒருமுறை போய் முகம் காட்டிவிடுங்கள்.

அகதி மனு போட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்று ஏஜென்ட் சொல்கிறார். உண்மையா?

இந்தியர்களுக்கு உண்மை இல்லை. திருநர் என்பதற்காகத் துன்புறுத்தப்படுவோர் அகதிப் பாதுகாப்புக் கோரலாம் என்பது சரிதான். தன்னை மறைத்துக்கொண்டு ஊரில் வாழச் சொல்லக்கூடாது என்று ஒருபாலீர்ப்பினர் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஜெர்மனியும் 2022 அக்டோபரில் தன் நடைமுறையை அதற்கேற்பத் திருத்தியது. ஆனால் இந்தியாவில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, வேறு மாநிலத்துக்குப் போகலாம் என்று சொல்லி இந்தியர்களின் மனுக்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்படுகின்றன. ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் முன்மொழிந்த 'பாதுகாப்பான நாடுகள்' பட்டியலில் இந்தியாவும் இருந்தது. மனு போட்டபின் நடுவில் வேலை விசாவுக்குத் தாவுவதும் பெரும்பாலும் முடியாது. விடுதி, காத்திருப்பு, நிராகரிப்பு, திரும்பி அனுப்புதல் என்று நல்ல வயதில் மூன்று நான்கு வருஷம் போய்விடும். படித்துவிட்டு நேர்வழியில் வர வாய்ப்பிருந்த பிள்ளைகள் ஏஜென்ட் பேச்சைக் கேட்டு இதில் விழுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இலங்கையிலிருந்து வருபவர்கள் நிலை வேறு. 2016 முதல் அங்கே பாலின அங்கீகாரச் சான்றிதழ் இருந்தாலும், ஒருபாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகளும் நாடோடிச் சட்டமும் நம்மேல் ஏவப்பட்டு வந்திருக்கின்றன. உயிருக்கு உண்மையிலேயே ஆபத்து இருந்தால், எந்த நாட்டவராக இருந்தாலும், மனு போட வெட்கப்பட வேண்டாம். விசாரணைக்கு முன் எல்.எஸ்.வி.டி. என்கிற ஜெர்மன் பால்புதுமையினர் அமைப்பின் அகதி ஆலோசனையை அணுகுங்கள். விசாரணைக்குச் சிறப்புப் பயிற்சி பெற்ற அதிகாரியைக் கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் தமிழர் என்பதால் ஊருக்குச் செய்தி போய்விடுமோ என்ற பயத்தில் பாதியைச் சொல்லாமல் விடுகிறவர்கள் பலர். அவர் வாய் திறக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் வேறொருவரைத் தரச்சொல்லி அப்போதே கேளுங்கள். முதல் விசாரணையில் சொல்லாததைப் பின்னால் சொன்னால் நம்பமாட்டார்கள்.

என் துணைவரைக் கூட்டிவர முடியுமா?

சட்டப்படி திருமணம் ஆகியிருந்தால் முடியும். மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஆண்-பெண் உறவில் இருக்கும் திருநர் நடப்பிலுள்ள சட்டங்களின்படி மணக்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2023 அக்டோபரில் சொன்னது. கோயிலில் மாலை மாற்றியது போதாது. பதிவுச் சான்றிதழ் வேண்டும். பாஸ்போர்ட்டில் இருவர் பாலினமும் ஒன்றாக இருந்தால் ஊரில் பதிய முடியாது. ஜெர்மனியில் 2017 அக்டோபரிலிருந்து யாரும் யாரையும் மணக்கலாம். ஆனால் இந்திய ஆவணங்களின் சரிபார்ப்புக்கு இங்கே மாதங்கள் ஆகும் என்பதால் பல ஜோடிகள் டென்மார்க்கில் போய்ப் பதிந்து வருகிறார்கள். துணைவருக்கு அடிப்படை ஜெர்மன், அதாவது ஏ1, தெரிந்திருக்க வேண்டும். ப்ளூ கார்டுகாரர், தகுதி பெற்ற திறன் பணியாளர் போன்றவர்களின் துணைவருக்கு விலக்கு உண்டு.

குடியுரிமை எப்போது?

ஐந்து ஆண்டு சட்டப்படி வாழ்ந்து, பி1 ஜெர்மனும் சொந்த வருமானமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 2024 ஜூன் முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓ.சி.ஐ. என்கிற வெளிநாட்டு இந்தியர் அட்டை வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்திலும் பழைய இந்தியப் பாஸ்போர்ட், புது ஜெர்மன் பாஸ்போர்ட் இரண்டின் பெயரையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அரசிதழின் அசலைப் பத்திரமாக வைத்திருங்கள். அன்றைக்கும் அதைக் கேட்பார்கள்.